இடைவேளையில் கீறிய படம்

ஆக்லாந்தில், பாபடோயிட்டோய் மளிகைக் கடையில் முருங்கைக்காயை வளைத்து வளைத்துப் பார்த்துக்கொண்டு நின்ற இராசமலருக்கு, அவளுடைய இரண்டு மகன்களும் போரில் செத்துப்போன செய்தியைச் சொன்னவள் கல்லாவில் இருந்த பெண்தான்.

"ஃபோன்ல பாத்தேன்கா. மனசே சரியில்ல," என்றாள். திருநெல்வேலிப் பக்கத்துப் பெண், விசாவில் வந்து விசாவோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பவள், இளகிய மனசு. "ரெண்டு பிள்ளைங்களாக்கா? இத்தன வருசமா வர்றீங்க, ஒரு வார்த்த சொல்லலியே!" சொல்லிக்கொண்டே ஒரு கட்டுக் கொத்தமல்லியைச் சும்மாவே பைக்குள் வைத்தாள்.

இராசமலருக்கு மகன்களே கிடையாது. இருப்பது ஒரே மகள், ராகவி. அன்று காலைகூடக் கார்ச் சாவியைத் தொலைத்துவிட்டு, வீட்டைப் புரட்டிப்போட்டு, கடைசியில் தன் சப்பாத்துக்குள்ளேயே கண்டெடுத்துக்கொண்டு பல்கலைக்கழகத்துக்குப் போனாள்.

"ஆர் உமக்கு இதைச் சொன்னது?"

அந்தப் பெண் ஃபோனை நீட்டினாள். தென்துருவத் தமிழ்ப் பேரவையின் அழைப்பிதழ். பொன்னிறக் கரை, இரண்டு பக்கமும் குத்துவிளக்கு, உச்சியில் பேரவைத் தலைவர் விநாயகமூர்த்தி கோட்டும் பொன்னாடையுமாகக் கைகூப்பிச் சிரித்துக்கொண்டிருந்தார். கோட்டுக்கு மேல் பொன்னாடை போர்த்த ஆள் கிடைக்காத நாளிலும் அவர் தானே போர்த்திக்கொள்வார் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. தலைமையுரை அவர். சிறப்புரை அவர். நன்றியுரையை மட்டும் பெருந்தன்மையோடு தன் மருமகனுக்கு விட்டுக்கொடுத்திருந்தார். இவ்வளவுக்கும் கீழே மிச்சமிருந்த இடத்தில், முத்திரை அளவில், ஒரு படம்.

பேனாவும் மையும் கொண்டு கீறிய படம். பிளாஸ்டிக் கதிரையில் ஒரு பெண் சரிந்து கிடக்கிறாள். கால்கள் இரண்டையும் எதிர்க் கதிரையில் தூக்கிப் போட்டிருக்கிறாள். சீலைக் கரை கெண்டைக்கால் வரை ஏறியிருக்கிறது. தலை பின்னால் தொங்க, வாய் பிளந்து, ஒரு கை தரையை நோக்கித் தொங்க, அடித்துப்போட்டதுபோல் நித்திரை.

அது இராசமலர்தான்.

படத்தின் கீழே எழுதியிருந்ததை அவள் இரண்டு தரம் வாசித்தாள். "கரையேறாத தாய்மை. இரு மகன்களைப் போரிடம் கொடுத்த இத்தாய் உறங்கவில்லை. உறக்கமே அவளைத் தேடி அலைகிறது. திறந்த வாய், ஆண்டாண்டு கால மௌனத்தின் குகை. வீங்கிய பாதங்கள், கடந்த எல்லைகளின் வரைபடம். ஓவியர்: அரவிந்த்."

குகையாம். அவள் வாங்க வந்த முருங்கைக்காயை வைத்த இடத்திலேயே வைத்தாள். கொத்தமல்லியையும் எடுத்து வெளியே வைத்தாள். பிறந்தேயிராத பிள்ளைகளுக்காக ஒரு கட்டுக் கீரை வாங்கிக்கொண்டு போக அவளுக்கு மனம் வரவில்லை.

*

படம் கீறுகிறவர்களுக்கு அவள் எப்படி மாடல் ஆனாள் என்பதைச் சொல்லவேண்டும்.

இராசமலர் இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்பவள். காலை முழுக்க நின்ற நிலையில் வேலை. பாதம் வீங்குவது அதனால்தான். எந்த எல்லையையும் நடந்து கடந்ததால் அல்ல; அவள் இந்த நாட்டுக்குத் திறமை விசாவில், ஜன்னலோர ஆசனத்தில் வந்தவள். கூடத்தில் கூட வேலை செய்யும் ஒரு வெள்ளைக்காரி ஹில்ஸ்பரோவில் சனிக்கிழமைப் பின்னேரங்களில் கூடும் படம் கீறும் குழுவில் இருந்தாள். சீலையோடு ஒருத்தி வந்து இருந்தால் நன்றாயிருக்கும் என்று கேட்டாள். இராசமலர் போனாள்.

"வீட்டில ரெண்டு நிமிசம் ஒரு இடத்தில இருக்கமாட்டீர். அங்க போய் இருக்கிறீராம்!" என்று கணவர் யசீகரன் சிரித்தார்.

"வீட்டில இருக்க விட்டாத்தானே," என்றாள் அவள்.

ஆனால் அசையாமல் இருப்பது சும்மா இருப்பதல்ல என்பதை அவள் முதல் நாளே கண்டுகொண்டாள். மூக்கு கடிக்கும், சொறிய முடியாது, முதுகு பேசும், கால் மரத்துப்போய்த் தன்னுடையது இல்லை என்று சொல்லும். அத்தனையையும் அடக்கி, கழுத்தை நிமிர்த்தி, கொசுவம் கலையாமல் இருக்கவேண்டும். அதில் அவள் கெட்டிக்காரி ஆனாள். அவளைக் கீறுவதற்கென்றே நடக்க உதவும் தள்ளுவண்டியைத் தள்ளிக்கொண்டு வரும் கிழவிகள் இருந்தார்கள்.

அந்தக் குழுவில் ஒரு வழக்கம். மணி அடித்தால் ரெஸ்ட். ரெஸ்டில் எல்லாரும் பேனாவைக் கீழே வைத்துவிடவேண்டும். அந்த நேரத்தில் மாடல் மாடல் இல்லை. யாரோ ஒரு மனுசி. சொறியலாம், கொட்டாவி விடலாம், சீலையைத் தூக்கிப் பாதத்தை உருவிவிடலாம். ஒருவரும் பார்க்கமாட்டார்கள், பார்த்தாலும் கீறமாட்டார்கள். கிழவிகள் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு பூனைகளைப் பற்றிக் கதைப்பார்கள். அப்படி ஒரு ரெஸ்டில்தான் இராசமலர், மத்தியானம் வயிறு முட்டத் தின்ற புட்டும் மாம்பழமும் கண்ணைச் சொருக, கதிரையில் சரிந்து குறட்டை விட்டிருக்கிறாள். எல்லாரும் பேனாவைக் கீழே வைத்திருந்தார்கள். ஒருவனைத் தவிர.

அரவிந்த் மாடர்ன் ஆர்ட்டிஸ்ட். அதற்கு முன் ஐடி கம்பெனியில் பிசினஸ் அனலிஸ்ட். வேலையை அவன் விட்டானா, வேலை அவனை விட்டதா என்பது பற்றி இரண்டு கதைகள் உலவின; இரண்டையும் அவனே சொல்லியிருந்தான். தாடி வளர்த்தான், மேலே தொளதொளவென்று லினன் சட்டை போட்டான், கேள்வி கேட்டால் பதிலுக்கு முன் கொஞ்ச நேரம் கூரையைப் பார்க்கக் கற்றுக்கொண்டான். அவனுக்குக் கை வரும் என்பதை மட்டும் ஒருவரும் மறுக்க முடியாது. அந்தச் சனியன் பிடித்த படம் நன்றாய்த்தான் இருந்தது. கடைக்காரப் பெண்ணின் ஃபோனிலேயே தெரிந்தது: தொங்கும் கையின் பாரம், இளகிய தாடை, கணுக்காலில் செருப்பு வார் பதிந்த தடம். நாலே கோட்டில் அவளுடைய முழு அசதியையும் பிடித்திருந்தான். அதுதான் அவளுக்கு இன்னும் பற்றிக்கொண்டு வந்தது.

*

வீட்டுக்கு வந்தால் ராகவி வாசலிலேயே நின்றாள். கண் சிவந்திருந்தது.

"அம்மா, இஸ் இட் ட்ரூ? டிட் ஐ ஹாவ் பிரதர்ஸ்?"

"விசரே உனக்கு?"

"யூ நெவர் டெல் மீ எனிதிங்! ஹவ் வுட் ஐ நோ?"

பிள்ளை சொன்னதில் பிழை இல்லை. இராசமலருக்கு ஒரு தம்பி இருந்தான். அவனுக்கு என்ன நடந்தது என்பதை அவள் யசீகரனுக்கு ஒருதரம் சொன்னதோடு சரி. இந்த வீட்டுச் சுவர்களுக்குக்கூடத் தெரியாது. சொல்லாமல் வைத்திருந்தது அவளுடைய விருப்பம், அவளுடைய சொத்து. இப்போது யாரோ ஒருத்தன் வந்து, அந்த இடம் காலியாக இருக்கிறது என்று நினைத்து, தன் சொந்தச் சரக்கை இறக்கி அடுக்கியிருக்கிறான்.

"ஒரு அண்ணையும் இல்லை, தம்பியும் இல்லை. நீ மட்டும்தான் வந்து வாய்ச்சனீ," என்றாள்.

சோபாவில் இருந்த யசீகரன் தொண்டையைச் செருமினார். "உண்மையைச் சொன்னா, எனக்கும் ஒருக்காத் திக்கெண்டுதான் இருந்தது. எனக்குத் தெரியாமல் ரெண்டு பெடியளோ எண்டு..."

அவள் பார்த்த பார்வையில் மனுசன் பேப்பருக்குள் போய்விட்டார்.

*

அரவிந்தின் ஸ்டூடியோ மவுண்ட் ரோஸ்கில்லில், ஒரு வாடகை வீட்டின் கராஜ். கராஜ் என்று சொன்னால் அவனுக்குப் பிடிக்காது. புல்வெட்டும் மெஷினுக்கும் வாஷிங் மெஷினுக்கும் நடுவில் ஒரு மேசை, அதில் மைக்குப்பிகள், சுவரில் சாய்த்த சட்டங்கள்.

"வாங்கக்கா! பாத்தீங்களா, வைரல் ஆயிடுச்சு!"

"தம்பி, எனக்கு எத்தினை மகன்மார்?"

அரவிந்த் கூரையைப் பார்த்தான். "நீங்க அத லிட்டரலா எடுத்துக்கறீங்கக்கா. அது நீங்க இல்ல."

"என்ர மூக்கு. என்ர கால். என்ர மச்சாள் கனடாவில இருந்து அனுப்பின சீலை. பிறகு ஆர் அது? உங்கட அம்மாவோ?"

"உருவம் உங்களோடது. சப்ஜெக்ட் நீங்க இல்ல. இது ஒரு காம்போசிட்."

"விளங்கக் கதையுங்கோ."

"உடம்பு உங்களோடது, கதை ஆனந்தவல்லி ஆன்ட்டியோடது. ரெண்டையும் சேத்தேன்."

இராசமலர் மேசையைப் பிடித்துக்கொண்டாள். ஆனந்தவல்லியை எல்லாருக்கும் தெரியும். அரசாங்க வீட்டில் தனியாக இருப்பவர். இரண்டு மகன்களையும் ஒரே கிழமைக்குள், ஏழே நாளில், பறிகொடுத்தவர். கோயில் அன்னதானத்தில் கறி வெட்டும் இடத்தில் அவருடைய சிரிப்புத்தான் எல்லாருடையதற்கும் மேலே கேட்கும். அந்தச் சிரிப்பைப் பார்த்து, பாவம் மறந்துபோனா என்று சொல்லும் ஆட்களும் இருந்தார்கள்.

"அவ சம்மதிச்சவவோ?"

"அவங்கள உக்கார வெச்சு வரஞ்சேனேக்கா! ஒரு மத்தியானம் ஃபுல்லா. எல்லாம் சொன்னாங்க. ஆனா படம் வேல செய்யல. பச்சப் பட்டு கட்டிட்டு, பவுடர் பூசிட்டு, நேரா உக்காந்து சிரிக்கறாங்க. பிள்ளைங்க செத்தத சொல்றாங்க, சிரிக்கறாங்க. லைன்ல சோகமே ஏற மாட்டேங்குது. உங்க படத்தப் பாத்தா, அப்பப்பா, என்ன ஒரு வலி!"

"எனக்கு என்ன வலி? நான் அண்டைக்குப் புட்டும் மாம்பழமும் திண்டிட்டு வந்தனான்!"

"அது ஆடியன்ஸுக்குத் தெரியாதுல்ல?"

"ரெஸ்டில கீறக் கூடாதெண்டு உங்களுக்குத் தெரியாதோ?"

"அந்த ரூல் எல்லாம் ஹாபிக்கு வரையறவங்களுக்குக்கா. ட்ரூத் வெளிய வர்றதே ரெஸ்ட்லதான்."

"அப்ப அந்த ட்ரூத்துக்குக் கீழ என்னத்துக்குப் பொய் எழுதினனீங்கள்?"

அரவிந்த் மறுபடி கூரையைப் பார்த்தான். இந்தத் தரம் கூரையும் அவனுக்குக் கை கொடுக்கவில்லை. "ஒரு கலைஞனா எனக்குன்னு ஒரு சுதந்திரம் இருக்குக்கா," என்றான், குரல் கொஞ்சம் இறங்கி. "பேரவைல கேட்டுக்கோங்க. அவங்கதான் வாங்கறாங்க. மண்டபத்துல நிரந்தரமா மாட்டப் போறாங்க."

நிரந்தரமாக. அவள் வாய் திறந்து கிடக்க, கீழே ஆனந்தவல்லியின் பிள்ளைகள்.

*

விநாயகமூர்த்தியின் வீடு ஹில்ஸ்பரோவில், கடலைப் பார்த்தபடி. வாசலில் இரண்டு தூண்கள். எந்தக் கூரையையும் தாங்காமல், அவரைப்போலவே, சும்மா நிமிர்ந்து நின்றன.

அவர் இராசமலரை முழுதாகக் கதைக்க விட்டார். கேட்பதுபோல் தலையாட்டுவது மேடையில் பழகிய வித்தை. பிறகு சொன்னார்:

"தங்கச்சி, ஒரு கலைப்படைப்பை நாங்கள் தனிப்பட்ட ரீதியில அணுகப்படாது. நீங்கள் இப்ப இராசமலர் இல்லை. நீங்கள் ஒரு இனத்தின்ர குறியீடு."

"எனக்குக் குறியீடாக விருப்பமில்லை, அண்ணை. அந்த எழுத்தை எடுங்கோ. அவ்வளவு காணும், வேற ஒண்டும் கேக்கேல்லை."

"அழைப்பிதழ் போயிட்டுது. பாராளுமன்ற எம்பி வாறார். உரை எழுதி மனப்பாடமும் பண்ணியாச்சு. அந்தக் குகை எண்ட இடம் இருக்கெல்லோ, அதில கைதட்டு விழும்."

"ஆனந்தவல்லி அக்கா இதைப் பாத்தா?"

"அவதானே விளக்கேத்துறா!" விநாயகமூர்த்தியின் முகம் மலர்ந்தது. "பாதிக்கப்பட்ட தாய்மார் சார்பில. படத்தை இன்னும் காட்டேல்லை. அவ ஃபோனில ஒண்டும் பாக்கிறேல்லைத்தானே. சர்ப்ரைஸ்!"

இராசமலர் எழும்பி வந்தாள். சொல்ல வந்த சொற்கள் எல்லாம் கெட்ட சொற்களாக இருந்தன. உள்ளே அந்த மனுசனின் பெண்சாதி அவளுக்காகத் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தாள்.

அப்படியே காரைத் திருப்பி ஆனந்தவல்லியிடம் போனாள். நேரே சொல்லிவிடுவது என்றுதான் போனாள். கதவு திறந்தது. உள்ளே இஸ்திரிப் பலகையில் பச்சைப் பட்டுச் சீலை விரிந்து கிடந்தது.

"வா பிள்ளை, நல்ல நேரத்தில வந்தாய். இதுக்கு எந்தச் சட்டை பொருந்தும் எண்டு சொல்லு. என்ர படத்தையெல்லோ திறக்கினம்! அந்த இந்தியாத் தம்பி கீறினது."

இராசமலர் கதவடியிலேயே நின்றாள்.

"கீறேக்க அந்தத் தம்பி, அம்மா சிரிக்காதேங்கோ, சிரிக்காதேங்கோ எண்டு ஒரே கரைச்சல்," ஆனந்தவல்லி இஸ்திரியை அழுத்திக்கொண்டே சொன்னார். "நான் விடேல்லையே. என்ர பெடியளுக்கு நான் அழுதாப் பிடிக்காது. சின்னவன் சொல்லுவான், அம்மா மூக்கைச் சிந்தினா எருமை மாதிரி இருக்கெண்டு. படம் எண்டா நாளைக்கும் இருக்கும். அவங்கள் பாத்தா அழுத முகத்தையே பாக்கிறது? சிரிச்சுக்கொண்டுதான் இருந்தனான்."

"தங்கக் கரைச் சட்டை போடுங்கோ அக்கா," என்றாள் இராசமலர்.

காருக்குள் வந்து அரவிந்துக்கு ஃபோன் எடுத்தாள். அவன் எடுக்கவில்லை. திரும்பவும் எடுத்தாள். "அவவைக் கீறின படத்தைக் கொண்டு வாங்கோ. மண்டபத்துக்குக் கொண்டு வாங்கோ," என்று செய்தி விட்டாள். அரவிந்த் அதற்குக் கைகூப்பிய பொம்மை ஒன்றை அனுப்பினான்.

*

ஞாயிற்றுக்கிழமை மண்டபத்துக்கு இராசமலர் யசீகரனையும் ராகவியையும் கூட்டிக்கொண்டு எல்லாருக்கும் முந்திப் போனாள். படம் மேடையில் ஒரு முக்காலியில், செம்பட்டுத் துணிக்குள் இருந்தது. பக்கத்தில் அழகான எழுத்தில், அட்டையில், அந்தக் குகையும் வரைபடமும். அவள் சுற்றிலும் பார்க்கவில்லை. ஒளித்துச் செய்யும் எண்ணமே இல்லை. அட்டையைப் பிடுங்கினாள், நாலாய்க் கிழித்தாள், கைப்பைக்குள் திணித்தாள். மைக் பூட்டிக்கொண்டிருந்தவர் பார்த்தார். யசீகரனின் பக்கம் திரும்பி, "என்ன அண்ணை இது?" என்றார்.

"நான் ஒண்டும் காணேல்லை, நீரும் காணேல்லை," என்றார் யசீகரன்.

சனம் வந்தது. எம்பி வந்தார், வணக்கத்தைச் சரியாகச் சொல்லிக் கைதட்டு வாங்கினார். அரவிந்த் லினன் சட்டையில் வந்தான். கையில் ஒன்றும் இல்லை. ஆனந்தவல்லி பச்சைப் பட்டும் தங்கக் கரைச் சட்டையுமாக, முன் வரிசையில், படத்துக்கு இருந்த அதே நிமிர்வில் இருந்தார்.

விநாயகமூர்த்தி தலைமையுரை ஆற்றினார். அது முடிந்து, தன்னைத் தானே அழைத்துச் சிறப்புரை ஆற்றினார். கடைசியில் ஆனந்தவல்லியை மேடைக்கு அழைத்து, கையில் மெழுகுதிரியைக் கொடுத்து, மறுகையால் பட்டுத் துணியை இழுத்தார்.

ஆனந்தவல்லி பார்த்தார். கண்ணைச் சுருக்கி இன்னொருதரம் பார்த்தார். பிறகு வாய்விட்டுச் சிரித்தார்.

"இது எங்கட மலரெல்லோ! அடி பிள்ளை, கொசு உள்ள போயிருக்குமே, வாயை மூடிப் படுத்தா என்ன?"

மண்டபத்தில் அங்கங்கே சிரிப்பு. விநாயகமூர்த்தி சிரிக்கவில்லை. அட்டையைத் தேடினார், காணவில்லை. அதனால் என்ன, மனப்பாடம் இருந்தது. "இரு மகன்களைப் போரிடம் கொடுத்த இத்தாய்..." என்று தொடங்கினார். "உறங்கவில்லை! உறக்கமே அவளைத் தேடி..."

"ஆர் குடுத்தது?" என்றார் ஆனந்தவல்லி.

மைக் அதையும் வாங்கி மண்டபம் முழுக்கச் சொன்னது.

"ரெண்டு பிள்ளையளைக் குடுத்தது நானெல்லோ. குடுக்கவுமில்லை. எடுத்தவங்கள். மலருக்கு ஒரு பெட்டை. அங்க பார், வடை சாப்பிடுறாள்."

ராகவி வடையை மறைக்க இடம் தேடினாள்.

"இது உங்களுடைய துயரத்தின் குறியீடு, அம்மா," என்றார் விநாயகமூர்த்தி, குரலைக் குழைத்து.

"என்னத்துக்குக் குறியீடு? நான் உசிரோடதானே இருக்கிறன். ஒரு மத்தியானம் முழுக்க இருந்தனான்." அவர் சபைக்குத் திரும்பினார். "தம்பி, நீங்கள் என்னைக் கீறின படம் எங்க?"

அரவிந்த் எழும்பினான். கூரையைப் பார்த்தான். மண்டபத்துக் கூரை வெகு உயரத்தில் இருந்தது. "அது... சரியா வரல ஆன்ட்டி."

"என்ன சரியில்லை?"

"எக்ஸ்பிரஷன் வந்து..."

"சொல்லுங்கோவன்!" என்று இராசமலர் கத்தினாள். அவள் எப்போது மேடையடிக்கு வந்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை. "கராஜுக்குள்ள எனக்குச் சொன்னதை அவவின்ர முகத்தைப் பாத்துச் சொல்லுங்கோ!"

"நீங்க... சிரிச்சுட்டு இருந்தீங்க ஆன்ட்டி."

ஆனந்தவல்லி திரும்பி அந்த நித்திரைப் படத்தைப் பார்த்தார்.

"என்ர பிள்ளையள் போன பிறகு," என்றார் மெதுவாக, "நான் ஒரு நாள் இப்பிடி நித்திரை கொண்டதில்லை தம்பி. இது ஒரு கவலையும் இல்லாமல் வயிறாரச் சாப்பிட்டவளின்ர நித்திரை. அவள் நல்லா இருக்கட்டும். உங்களுக்கு இதுகூடத் தெரியேல்லையே?"

மெழுகுதிரியை ஊதி அணைத்தார். குத்துவிளக்கடியில் வைத்தார். போய்த் தன் கதிரையில் இருந்தார்.

"அம்மா, விளக்கு..." என்றார் விநாயகமூர்த்தி.

"என்ர படம் வரட்டும்."

"எம்பி காத்துக்கொண்டிருக்கிறார் அம்மா!"

"அவரும் இருக்கட்டும். கதிரை இருக்குத்தானே."

எம்பிக்கு யாரோ மொழிபெயர்த்தார்கள். அவர் தலையாட்டிக்கொண்டு வசதியாகச் சாய்ந்து இருந்தார். விநாயகமூர்த்தியைத் தவிர வேறொருவருக்கும் அவசரம் இருப்பதாகத் தெரியவில்லை.

"எழும்புங்கோ," என்றாள் இராசமலர் அரவிந்திடம். "நான் கார் ஓட்டுறன். உங்களை நம்பித் தனிய விட ஏலாது."

*

வழி முழுக்க அவன் கதைத்துக்கொண்டு வந்தான். வேறொரு கண்காட்சி, வேறொரு சூழல், ஆக்லாந்துக்கு இன்னும் கலை விளங்கவில்லை. அவள் சிக்னலைப் பார்த்து ஓட்டினாள்.

கராஜில் அவன் சட்டங்களுக்குப் பின்னால் தேடினான், வாஷிங் மெஷினுக்கு மேல் தேடினான். இராசமலர்தான் கண்டாள். மேசையில், மைக்குப்பிகளுக்குக் கீழே. மை சிந்தி மேசை பழுதாகாமல் விரித்திருந்தான். தாளின் ஓரமெல்லாம் பேனா முனை எழுதுகிறதா என்று இழுத்துப் பார்த்த கிறுக்கல்கள். ஒரு குப்பியின் வட்டம் பச்சைப் பட்டின் மேலேயே பதிந்திருந்தது.

"இதில துடைச்சனீங்களோ?"

"ரிஜெக்ட்டட் ஷீட்தானேக்கா..."

அவள் குப்பிகளை எடுத்து எடுத்து நிலத்தில் வைத்தாள். ஒன்றையும் உடைக்கவில்லை. தாளைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தாள். ஆனந்தவல்லி நிமிர்ந்து இருந்தார். சிரிக்கும் வாயை அரவிந்த் திரும்பத் திரும்பக் கீறியிருந்தான். கோட்டுக்கு மேல் கோடு, அழிக்க முடியாத மை, ஒன்றும் பொருந்தாமல். ஒரு கண்ணைப் பாதியில் விட்டிருந்தான். அப்போதுதான் அவளுக்கு எல்லாம் விளங்கியது. இவனுக்குக் கை வரவில்லை. சோகம் ஏறாதது தாளின் பிழை இல்லை. இரண்டு பிள்ளைகளைச் சாகக் கொடுத்துவிட்டு எதிரே இருந்து சிரிக்கிற மனுசியை நேரே பார்க்க இவன் பயந்திருக்கிறான். நித்திரை கொள்ளுகிறவளைக் கீறுவது லேசு. அவள் திருப்பிப் பார்க்கமாட்டாள்.

"ஏறுங்கோ காரில," என்றாள். "உங்கட பேனாவையும் எடுத்துக்கொண்டு."

*

மண்டபத்தில் ஒருவரும் கலைந்திருக்கவில்லை. வடை முடிந்திருந்தது. விநாயகமூர்த்தி இடைவெளியை நிரப்பப் பேரவையின் வரலாற்றைச் சொல்லிக்கொண்டிருந்தார். தாளோடு வந்தவளைக் கண்டதும், "நிகழ்வின் இரண்டாம் படைப்பு, திட்டமிட்டபடி," என்றார். இராசமலர் மேடையேறி, தன் நித்திரையைத் தூக்கிச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தாள்.

தாளை மேசையில் விரித்தாள். ஆனந்தவல்லி வந்து குனிந்து பார்த்தார். கிறுக்கல்களைப் பார்த்தார், குப்பியின் வட்டத்தைப் பார்த்தார். அவற்றைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அரைகுறைக் கண்ணில் விரலை வைத்தார்.

"இதில ஒரு கண் இல்லையே."

"முடிக்கலாம் ஆன்ட்டி. இப்பவே முடிச்சுத் தரேன்," என்றான் அரவிந்த்.

"வேண்டாம். இனி நீங்கள் என்ர முகத்தைத் தொடவேண்டாம்." அவர் படத்தின் கீழே வெறுமையாகக் கிடந்த இடத்தைக் காட்டினார். "இதில எழுதுங்கோ. அங்க மலருக்குக் கீழ நிறைய எழுதினனீங்களாமே. அதில என்ர பிள்ளையளின்ர பேரைப் போட்டனீங்களோ?"

பேர் அரவிந்துக்கு ஞாபகம் இல்லை என்பது அவன் முகத்தில் எழுதியிருந்தது.

"மூத்தவன் குகனேசன்," என்றார் ஆனந்தவல்லி. "சின்னவன் தயானந்தன்."

அரவிந்த் குனிந்தான். தாள் சுருண்டது. இராசமலர் இரண்டு உள்ளங்கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டு, அவன் பேனா முனையிலிருந்து கண்ணை எடுக்காமல் நின்றாள். விநாயகமூர்த்தி எட்டிப் பார்த்து, "கீழே ஒரு வசனம், தியாகம் எண்ட மாதிரி..." என்று தொடங்கினார்.

"நீங்கள் போய் இருங்கோ அண்ணை," என்றாள் அவள், திரும்பாமலே.

அவன் மூத்தவனின் பேரை எழுதினான். அதன் கீழே சின்னவனின் பேரை எழுதினான். இரண்டையும் ஒருதரம் தலை சாய்த்துப் பார்த்தான். பிறகு, கூரையை ஒருமுறை பார்த்துவிட்டு, ஒருவரும் கேட்காத மூன்றாவது வரிக்குப் பேனாவை இறக்கினான்.

இராசமலர் தாளை இழுத்துக்கொண்டாள்.